எலி கடிக்காத குழாய்

மதிய வெயில் தலைக்கு மேல் வந்து நிற்கும்போதுதான் லில்லியின் நாள் தொடங்கும். வில்லியனூருக்குத் தெற்கே, வயலை ஒட்டிய தெருக்களில் வீடு வீடாக வண்டியை நிறுத்தி, திருபுவனை தொழிற்பேட்டையில் இரண்டாவது ஷிப்டுக்குப் போகும் ஆறு பெண்களை ஏற்றிக்கொள்வாள். ஏழு பேர் உட்காரும் பழைய பெட்ரோல் வண்டி அது. கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும். அதற்குக் கீழே காசம்மாள் ஒட்டிவைத்த அங்காளம்மன் படம். இரண்டு பேரில் யாராவது ஒருத்தர் நம்மைப் பார்த்துக்கொள்வார் என்பது காசம்மாளின் கணக்கு.

காசம்மாளுக்கு எப்போதும் முன் சீட்டுதான். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. தெருவுக்கே கேட்கும் வாய். ஆனால் மற்ற ஐந்து பெண்களின் வீட்டுக்கும் போய், "லில்லிதான் ஓட்றா, நான் கூட இருக்கறேன், அனுப்புங்க" என்று மாமியார்களிடமும் புருஷன்களிடமும் பேசிச் சம்மதம் வாங்கியவள் அவள்தான். பெண் ஓட்டும் வண்டி என்பதால்தான் அந்த வீடுகளில் இரண்டாவது ஷிப்டுக்குச் சரி என்றார்கள். அந்த வண்டி நின்றால் ஆறு பேரின் வேலையும் ஆட்டம் காணும். லில்லிக்கு இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் சாவியைத் திருப்பும்போது அந்த ஆறு வீடுகளும் அவள் கண்ணில் வந்துபோகும்.

லில்லி டிரைவர் ஆகவேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. அவள் புருஷன் அருள்தாஸ் ஸ்டீல் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவன். குழாயை வளைக்கும் மெஷினில் ஒருநாள் அவனுடைய வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்கள் போயின. மிச்சமிருந்த விரல்கள் பேருக்குத்தான் இருந்தன, தொட்டால்கூட அந்தக் கைக்குத் தெரியாது. கம்பெனி கொடுத்த இழப்பீட்டில் வண்டி வாங்கினார்கள். ஓட்டிப் பிழைக்கலாம் என்று அவன்தான் ஆசைப்பட்டான். ஆனால் முதல் நாளே, திருப்பத்தில் ஸ்டியரிங் அவன் வலது கையிலிருந்து நழுவிப்போனது. வண்டி வாய்க்கால் மேட்டில் ஏறி நின்றது. இறங்கி வீட்டுக்குள் போனவன் அதற்குப் பிறகு சாவியைத் தொடவே இல்லை. லில்லிதான் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

அருள்தாஸ் சிரித்துப் பேசுகிற ஆள். மாதா கோயில் திருவிழாவில் தேருக்கு முன்னால் ஆடிக்கொண்டே போகிறவன். அப்படிப்பட்டவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். யாராவது வந்தால் வலது கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொள்வான். லில்லி தட்டில் சோறு போட்டுவிட்டு வேண்டுமென்றே அடுப்படிக்குப் போய்விடுவாள். அவன் இடது கையால் தடுமாறிச் சாப்பிடுவதைத் தான் பார்ப்பது அவனுக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் அழுவாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமாங்க" என்று வருவாள்.

ஒருநாள் அவனே சொன்னான், கையில் உணர்ச்சி திரும்பிவிட்டது, தொட்டால் தெரிகிறது என்று. லில்லி அன்றைக்கே பஸ் பிடித்து வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். கோயில் குளத்தைச் சுற்றி முழங்காலில் நடக்கலாமா என்றுகூட யோசித்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

சம்பா அறுப்பு முடிந்த கையோடு எலி வந்தது.

வயலில் கதிர் இருக்கும்வரை எலிகளுக்கு ஊருக்குள் வேலை இல்லை. அறுத்துக் கட்டிவிட்டால் வீடுகளுக்கு வரும், வண்டிகளுக்குள்ளும் வரும். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும், ஒளிய இடமும் இருக்கும். ஒரு காலையில் லில்லி பானெட்டைத் திறந்தபோது, வெளிக்காற்றை ஏர் ஃபில்டருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் கொண்டுபோகும் கருப்பு பிளாஸ்டிக் குழாய் சல்லடையாகக் கிடந்தது. புதுக்குழாய் போட்டார்கள். அதையும் தின்றன.

அப்போதுதான் அருள்தாஸ் சுவரைவிட்டு எழுந்தான். குழாயின் கிழிசலை விரித்துப் பார்த்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் குரலில் ஒரு கெத்து வந்தது.

"எலி கடிக்காத குழாய் நான் போடறேன்டி. எந்த எலி பல்லை வைக்குதுன்னு பாக்கறேன்."

தெரிந்த பட்டறையில் போய் உட்கார்ந்தான். வலது முன்னங்கையால் துண்டுக் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் வெல்டிங் அடித்தான். முதலில் அடித்ததெல்லாம் கோணலாகப் போனது. அறுத்துவிட்டுத் திரும்ப அடித்தான். கடைசியில் ஒருநாள் சாயங்காலம், பளபளவென்று முகம் தெரிகிற ஸ்டீல் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்துவந்தான். வண்டியில் மாட்டினான். தெருவே பானெட்டைச் சுற்றிக் கூடியது. காசம்மாள் குழாயில் முகம் பார்த்துப் பொட்டைச் சரி செய்துகொண்டாள். அருள்தாஸ் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக லில்லி அந்த வண்டியையே தூக்கிக் கொடுத்திருப்பாள்.

பழைய குழாயின் வாய் பேட்டரியைச் சுற்றி வளைந்து, ஹெட்லைட்டுக்குப் பின்னால் வெளிக்காற்று படும் இடத்தில் இருந்தது. ஸ்டீலை அப்படி வளைக்க மெஷின் வேண்டும். அந்த மெஷினின் பக்கம் போக அருள்தாஸால் முடியவில்லை. அதனால் குழாயை நேராகவே விட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் முடித்துவிட்டான். காற்றுதானே, எங்கிருந்து வந்தால் என்ன என்று நினைத்தான். மாசியிலும் பங்குனியிலும் பெரிதாக ஒரு குறையும் தெரியவில்லை. எலியும் பல்லை வைக்கவில்லை.

சித்திரை பிறந்ததும் வண்டி சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது.

பெரிய ரோட்டைப் பிடிக்க ரயில் கேட்டைத் தாண்டிப் போகவேண்டும். மதிய ஷிப்டுக்குப் போகும் நேரத்தில் கேட் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். வெயிலில் வெந்து வந்த பெண்களுக்காக லில்லி இன்ஜினை அணைக்கமாட்டாள், ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். கேட் திறந்ததும் எல்லா வண்டியும் முண்டியடித்துக்கொண்டு தண்டவாள மேட்டில் ஏறும். லில்லியின் வண்டி மட்டும் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க முனகும். இன்ஜினுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு தட்டல் சத்தம் வரும். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அமுக்குவார்கள். ஏசியை நிறுத்தினால்தான் கொஞ்சம் நகரும்.

"கேட்டு தொறந்தா ஏசி மூடணும். இன்னா வண்டியோ, இன்னா சட்டமோ" என்று காசம்மாள் புடவைத் தலைப்பால் விசிறிக்கொள்வாள். பின்சீட்டில் சிரிப்பு எழும். ஆனால் கம்பெனி வாசலில் யாரும் சிரிக்கமாட்டார்கள். தாமதமாகப் போனால் அரை நாள் சம்பளம் போய்விடும். ஒரே வாரத்தில் அது திரும்பத் திரும்ப நடந்தது. கடைசியில் காசம்மாளே, கண்ணைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வேறு ஒரு வேன்காரன் கேட்கிறானாம். திங்கட்கிழமைக்குள் வண்டி சரியாகாவிட்டால் பெண்கள் அதில் போவதாகப் பேசிக்கொள்கிறார்களாம். இரண்டு வீட்டில் ஆம்பளை டிரைவர் என்றால் வேலையே வேண்டாம் என்கிறார்களாம்.

லில்லி பிளக்கை மாற்றினாள். பெட்ரோல் பங்க்கை மாற்றினாள். மெழுகுவர்த்தியும் ஏற்றினாள். ஒன்றும் எடுபடவில்லை. வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பக்கிரியிடம் போனாள். அவன் அருள்தாஸின் சிநேகிதன். இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டைச் செல்போனில் எண்ணாகக் காட்டும் சின்ன ஸ்கேனரை வண்டியில் செருகி, அவளோடு ரயில் கேட்வரை வந்தான். பெரிய ரோட்டிலும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். திரும்பி வந்து ரொம்ப நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணி, கோச்சிக்காதீங்க. குழாய்தான்."

அவன் விளக்கினான். ரேடியேட்டர் கக்கும் சூட்டை அந்தக் குழாய் நேராக உறிஞ்சுகிறது. ஸ்டீலாக இருப்பதால் இன்ஜின் சூட்டையும் வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்கிறது. ஓடும்போது காற்று வேகமாகப் போய்விடுவதால் அவ்வளவாகச் சூடேற நேரமில்லை. கேட்டில் நிற்கும்போதுதான் வினை. வெளியே முப்பத்தெட்டு டிகிரி என்றால் உள்ளே போகும் காற்று எழுபதைத் தாண்டுகிறது.

"சூடு காத்து பொரி மாதிரி அண்ணி. மரக்கால் ரொம்பிக் கெடக்கும், எடை இருக்காது. இன்ஜினுக்கு அரிசி வேணும், நாம பொரியை அள்ளிப் போடறோம். இதுல சூட்டுக்கு அது தட்ட வேற ஆரம்பிக்குது. தட்டித் தட்டி ஒடஞ்சிடக் கூடாதுன்னு உள்ள இருக்கற கம்ப்யூட்டரே பலத்தைக் கொறைச்சிடுது. குழாயைக் கழட்டிப் போடுங்க, வண்டி பறக்கும்."

லில்லி பானெட்டுக்குள் கை நீட்டி அந்தக் குழாயைத் தொட்டாள். சுரீரென்றது. உள்ளங்கை சிவந்துபோனது. அந்த வலியைவிட வேறொரு வலி அவள் நெஞ்சைப் பிடித்தது. இந்தக் குழாயைக் கழற்றினால் அருள்தாஸ் என்ன ஆவான்? சுவரைப் பார்த்து உட்கார்ந்த மனுஷனை எழுப்பி நடக்கவைத்தது இதுதானே. அவன் சிரிப்பை ஆறு வீட்டுப் பிழைப்போடு தராசில் வைக்கச் சொன்னால், ஒரு பெண் எந்தத் தட்டைப் பார்ப்பாள்? அருள்தாஸிடம் சொல்லவேண்டாம் என்று பக்கிரியிடம் கெஞ்சிவிட்டு வந்தாள்.

ஆனாலும் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, மனசு கேட்காமல், ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

"ஏங்க, இந்தக் குழா ரொம்ப சூடாவுதோ?"

அருள்தாஸ் வந்தான். ஆசையாக, பிள்ளையின் முதுகைத் தடவுவதுபோல் வலது கையால் குழாயைத் தடவினான்.

"எங்கடி சூடு? ஜில்லுன்னு கெடக்குது."

லில்லி தன் சிவந்த உள்ளங்கையை முந்தானைக்குள் மறைத்தாள். அவன் விரல்களில் அடிக்கடி வரும் கொப்புளங்கள் நினைவுக்கு வந்தன. கேட்டால் வெல்டிங் பொறி என்பான், டீ கொட்டிவிட்டது என்பான். உணர்ச்சி திரும்பவே இல்லை. அவள் அழக்கூடாது என்பதற்காக அவன் பொய் சொல்லியிருக்கிறான். அந்தப் பொய்க்குத்தான் அவள் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். குழாயைக் கழற்றாமலே மறுநாளும் வண்டியை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை கேட் மூடியிருந்தது. கூட்ஸ் ரயில் போய், பின்னாலேயே பாசஞ்சரும் போனது. கேட் திறந்ததும் லில்லி ஏசியை அணைத்துவிட்டு மேட்டில் ஏறினாள். வண்டி தட்டியது, குலுங்கியது, தண்டவாளத்துக்கு நடுவே அணைந்து நின்றது. திரும்ப ஸ்டார்ட் செய்தாள். உறுமிவிட்டு அடங்கியது. கேட் கீப்பர் கொடியை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். இப்போதைக்கு ரயில் இல்லை, ஆனாலும் சீக்கிரம் எடு என்று அதட்டினார். காசம்மாள் முதலில் இறங்கினாள். யூனிபார்ம் கோட்டோடு ஆறு பெண்களும் பின்னால் போய்க் கைவைத்துத் தள்ளினார்கள். கேட்டில் நின்ற பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. லில்லி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் கன்னத்தில் வழிய வழிய, வண்டியை மேட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கினாள்.

சேதி வீட்டுக்கு எட்டி அருள்தாஸ் மூச்சிரைக்க ஓடிவந்தான். யாரிடமும் பேசாமல் பானெட்டைத் திறந்தான். மற்றதை எல்லாம் திட்டினான். பெட்ரோலில் கலப்படம் என்றான், பிளக் போலி என்றான். குழாயில் ஒரு தப்பும் இல்லை என்று காட்டுவதற்காக வலது கையை அதன்மேல் அழுத்தி ஊன்றிக்கொண்டே பேசினான்.

காசம்மாள்தான் பார்த்தாள். அவன் கைக்கும் குழாய்க்கும் நடுவில் தோல் வெளுத்துச் சுருங்குவதைப் பார்த்தாள்.

"கையை எடுடா பாவி. தோல் வேவுது, ஒனக்குத் தெரியலியா?"

அருள்தாஸ் கையை எடுத்துப் பார்த்தான். யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தான். லில்லி வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். அவன் இடது கையைப் பிடித்தாள். ரொம்ப மெதுவாக, விரல் நுனிகளை மட்டும் குழாயில் வைத்தாள். அவன் சட்டென்று உதறிக்கொண்டான்.

தார் ரோட்டின் வெயிலில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து நின்றார்கள்.

"எவ்ளோ நாளா?" என்று லில்லி கேட்டாள்.

"மொதல்லேர்ந்தே. நீ அழுவேன்னு சொல்லல."

"அடுப்படியில நின்னு அழுதுகினுதான் இருந்தேன். சேர்ந்து அழுதிருக்கலாமே."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். எத்தனை மாதமாக அடக்கிவைத்ததோ, நடுரோட்டில், ஆறு பெண்களுக்கு முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதான். காசம்மாள் வாட்டர் பாட்டிலைத் திறந்து வெந்த கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு எல்லாருக்கும் அரை நாள் சம்பளம் போனது. ஒருத்திகூட அதைப் பற்றிப் பேசவில்லை.

குழாயைக் கழற்றியது லில்லியும் அல்ல, பக்கிரியும் அல்ல. மறுநாள் காலையில், கையில் கட்டோடு அருள்தாஸே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஸ்பேனரை எடுத்தான். கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பக்கிரியின் ஸ்கேனரைப் பார்த்து, எண் என்ன சொல்கிறது என்று கேட்டான். முதலில் அதே இடத்தில் அதே நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, வண்டியை வெயிலில் நிறுத்தி ஓடவிட்டுப் பார்த்தார்கள். எண் கொஞ்சம்தான் இறங்கியது. பிறகு மடிப்பு மடிப்பாக, சொன்ன பக்கம் வளைகிற நீளக் குழாயை வாங்கிவந்து, பேட்டரியைச் சுற்றிக் கொண்டுபோய், ஹெட்லைட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் சூடு எட்டாத இடத்தில் அதன் வாயை வைத்தார்கள். எண் சரசரவென்று இறங்கி வெளிக்காற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அப்போ எங்குழா மேல பாதிப் பழிகூட இல்லடா. வாயை வெச்ச எடந்தான் தப்பு" என்றான் அருள்தாஸ். பக்கிரி சிரித்தான். "ஒனக்கு எப்பவும் வாய்தானேடா பிரச்சினை" என்றான். கை போன பிறகு சிநேகிதர்கள் பழையபடி பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

எலி மட்டும் பாக்கி இருந்தது. பிளாஸ்டிக் என்றால் அறுப்புக்கு அறுப்பு அது வரும். அருள்தாஸ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பட்டறைக்குப் போனான். மெல்லிய ஸ்டீல் கம்பி வலையை இடது கையால் வெட்டி, குழாய்க்குச் சட்டை தைப்பதுபோல் சுற்றிலும் போர்த்தி, விளிம்பை மடித்துக் கட்டினான். குழாயின் வாயிலும் வலை போட்டான். உள்ளே சூடு ஏறாத பிளாஸ்டிக், வெளியே எலி கடிக்காத ஸ்டீல். இந்தத் தடவை ஒவ்வொரு மடிப்பையும் இடது கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சரியா என்று லில்லியையும் தொட்டுப் பார்க்கச் சொன்னான். இரண்டு பேரின் விரல்களும் அந்த வலையின்மேல் பட்டுக்கொண்டன. இப்படிச் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனை காலம் ஆயிற்று என்று லில்லி நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மதியம் வேன்காரன் தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தான். காசம்மாள் அவனிடம் போய் ஏதோ சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டே வண்டியைத் திருப்பினான். என்ன சொன்னாய் என்று லில்லி கேட்டதற்கு, "எங்க வண்டியை நாங்களே தள்ளிக்குவோம், நீ போன்னேன்" என்றாள்.

கேட் மூடியிருந்தது. இன்ஜின் ஓடியது, ஏசி ஓடியது. அருள்தாஸ் வீட்டிலிருந்து நடந்தே வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டின் ஓரத்தில் நின்றிருந்தான். தலையில் துண்டு. இரண்டு கைகளும் வெளியே தெரிந்தன. அவன் வலது கையை ஒளிக்கவில்லை என்பதை லில்லி முன்கண்ணாடி வழியாகக் கவனித்தாள். பாசஞ்சர் போனது. கேட்டைத் தூக்கினார்கள். காசம்மாளின் கை பழக்கத்தில் ஏசி பட்டனுக்குப் போனது. லில்லி அதைத் தட்டிவிட்டாள். ஆக்சிலேட்டரை மிதித்தாள். தட்டல் இல்லை, முனகல் இல்லை. வண்டி மேட்டில் ஏறி, தண்டவாளத்தைத் தாண்டி, அருள்தாஸின் பக்கத்தில் இறங்கியது. பின்சீட்டில் யாரோ கை தட்டினார்கள்.

லில்லி கண்ணாடியை இறக்கினாள். அடுத்த வாரம் பெரியாஸ்பத்திரியில் கையைக் காட்டப் போகலாமா என்று கேட்டாள். இதுவரை எத்தனையோ தடவை கேட்டு அவன் மறுத்த கேள்வி அது. அவன் தலையாட்டினான். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, கழற்றிப்போட்ட ஸ்டீல் குழாயை என்ன செய்வது என்று கேட்டான்.

"எனக்குக் குடுடா" என்றாள் காசம்மாள் முன் சீட்டிலிருந்து. "அடுப்பு ஊத வெச்சிக்கறேன்."

"அந்தத் தடிமனுக்கு யானைதான் ஊதணும்க்கா."

"என் வாய்க்கு அது பத்தும், நீ அனுப்பு."

சிரிப்போடு வண்டி பெரிய ரோட்டைப் பிடித்தது. அருள்தாஸ் வெயிலில் நின்று அது மறையும்வரை கையசைத்தான். வலது கையைத்தான் அசைத்தான்.